மாமியாரோட நர்ஸிங் பேட்ஜ்

கேள்வி: மேடம், எங்க மாமியார் அமெரிக்காவுல ஒரு ஹாஸ்பிடலோட நர்ஸிங் ஸ்கூல்ல படிச்சவங்க. அவங்க போனப்புறம் நகைப் பெட்டியில சின்னதா ஒரு பேட்ஜ் கெடச்சுது, நடுவுல சிலுவை, சுத்தி நீல எனாமல், பின்னாடி ஏதோ எழுத்து. கறுத்துப் போயிருக்கு. பாலிஷ் போடலாமா, இல்ல பழைய தங்கத்தோட சேத்து உருக்கக் குடுத்துடலாமா?

பதில்: உருக்க மட்டும் குடுத்துடாதீங்கம்மா! அது படிப்ப முடிச்ச அன்னைக்கு ஸ்கூல்ல குத்திவிட்ட பேட்ஜ். அந்தக் காலத்துல ஹாஸ்பிடல் ஸ்கூல்னா அங்கயே தங்கி, பகல் டூட்டி நைட் டூட்டின்னு வார்டுலயே கெடந்து படிக்கணும், அதெல்லாம் தாண்டி வந்தவங்களுக்குத்தான் இது. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தனி டிசைன், யூனிஃபார்ம்ல பாத்தாலே இவங்க எந்த ஸ்கூல்னு இன்னொரு நர்ஸுக்குத் தெரிஞ்சிடும். அமெரிக்காவுல முதல்ல குடுத்தது நியூயார்க் பெல்வியூ ஹாஸ்பிடல் ஸ்கூல்னு சொல்லுவாங்க, 1880-ல, டிஃபனிங்கற நகைக் கம்பெனி டிசைன். அதுல நடுவுல ஒரு கொக்கு நிக்கும், கண் அசராம காவல் இருக்கறதுக்கு அடையாளமா, சுத்தி நீல வளையம், கசகசாக் காய், வலியில கெடக்கறவங்களுக்குத் தூக்கமும் நிம்மதியும் குடுக்கறதுக்காக. எனக்கு அந்த டிசைன் ரொம்பப் புடிக்கும், ராத்திரி வார்டு முழுக்க அதுல இருக்கு. அதுக்கு முன்னாடியே 1855-ல கிரிமியா போர்ல செஞ்ச சேவைக்காக விக்டோரியா ராணி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கு ஒரு ப்ரூச் குடுத்தாங்க, வரைஞ்சது ராணியோட வீட்டுக்காரர் ஆல்பர்ட், உங்க பேட்ஜ் மாதிரியே அதுலயும் நடுவுல சிலுவைதான்.

இப்ப உங்க பேட்ஜத் திருப்பி, வெளிச்சத்துல சாய்ச்சு லென்ஸ் வச்சுப் பாருங்க. இனிஷியலும் வருஷமும் இருக்கலாம், இனிஷியல் ஒத்து வரலன்னா கல்யாணத்துக்கு முந்தின பேரப் போட்டுப் பாருங்க. 10கே-ன்னு மட்டும் இருந்தா பத்து காரட், கூடவே ஜிஎஃப்னு இருந்தா மேல ஒட்டுன தங்கத் தகடுதான், உருக்குனா ஒண்ணும் தேறாது.

பாலிஷும் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துதான் மொதல்ல போகும். எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா தண்ணி எறங்கி பேந்துக்கும், அதனால ஊற வைக்கறது, நகைக்கடை மெஷின்ல போடறது ரெண்டும் கூடாது. காஞ்ச மெத்துன்னு துணியால லேசா ஒத்தி எடுங்க, அந்தக் கறுப்பு கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். போட்டுக்க ஆசையா இருந்தா பின்னாடி கொக்கி சரியா மாட்டுதான்னு பாத்துக்கோங்க, பழசுல லாக் இருக்காது, நழுவி விழுந்துடும். நர்ஸிங் படிப்பு காலேஜுக்கு மாறினப்புறம் அந்த மாதிரி ஸ்கூல்கள் நிறைய மூடியாச்சு, தொலைஞ்சா வேற வாங்க முடியாது.

அவங்க பட்டம் வாங்குன போட்டோ இருந்தா அதோட சேத்து வைங்க, பேர், ஸ்கூல், வருஷம் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி உள்ள போடுங்க. வீட்டுல யாருக்கும் வேணாம்னா அந்த ஸ்கூலோட பழைய மாணவிகள் சங்கம் இருக்கான்னு விசாரிங்க, இல்லன்னா நர்ஸிங் மியூசியம் எதையாவது கேட்டுப் பாருங்க.