ஊழியப் படிப்புக்கு வீட்டை அடகு வைக்க வேண்டாம்

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். பி.காம். முடித்த மகன் குருவானவராகச் சபை ஊழியத்துக்குத்தான் போவேன் என்கிறான். டல்லாஸில் இருக்கும் சித்தப்பா, "அதற்கும் அமெரிக்காவில் எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் பட்டம்) படித்தால்தான் மரியாதை, வீட்டை வைத்துக் கடன் வாங்குங்கள்" என்கிறாராம். அம்மா உபவாசத்தில் இருக்கிறார், அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

கவலை நியாயம்தான் ஐயா. ஆனாலும் சித்தப்பா சொல்வது தப்பு.

எம்.டிவ். பெரும்பாலும் 3 ஆண்டுப் படிப்பு. விசாவுக்கான ஐ-20 (அங்கே கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று) கையில் வர, முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இங்கே வங்கியில் கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். ஒரு கிராமச் சேகரத்துக் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டம்) குருவானவர் தன் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்டவே முடியாது. கட்ட முடியாதவர் அங்கேயே தங்கிவிடுவார். அப்புறம் எந்த ஊழியத்துக்காகக் கடன் வாங்கினீர்கள்?

வெளிநாடே கூடாது என்று நான் சொல்லவில்லை, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது: முதலில் இங்கே, பிறகு அங்கே. இறையியல் படிப்புக்கு உதவித்தொகை தரும் லாங்ஹாம் அமைப்பு உதவுவது முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு. ஜெனீவா அருகே போசேயில் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்தும் கல்வி நிறுவனமும் உதவித்தொகைக்குச் சபையின் பரிந்துரையை எதிர்பார்க்கும். மகன் முதலில் சபைக்குத் தெரிந்தவனாகட்டும்.

பலர் யோசிக்காமல் விடும் வழி, திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகளின் வட்டாரம்) ஸ்பான்சர்ஷிப்பில் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பது. பட்டம் தருவது, இறையியல் கல்லூரிகள் பலவற்றை இணைத்திருக்கும் செராம்பூர் கல்லூரியின் செனட். வங்காளத்தில் 1818-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்க டென்மார்க் அரசரின் சாசனம் கிடைத்தது 1827-ல். மரியாதைக்கு இது போதாதா? மதுரை அரசரடியில் 1969-லிருந்து இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். வளாகத்துக்கு வெளியே எளிய மக்கள் நடுவே குடியிருந்து கற்கும் காலமும் அங்கே பாடத்திட்டத்தில் உண்டு. சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், பெங்களூரில் 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியும் இருக்கின்றன.

நடைமுறை திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். பொதுவாகச் சேகரகுருவின் பரிந்துரைக் கடிதம், சேகரக் கமிட்டித் தீர்மானம், பிறகு திருமண்டலத் தேர்வுக் குழுவின் நேர்காணல். தேர்வானால் கல்விக் கட்டணம், விடுதி, மெஸ் செலவில் பெரும்பகுதியைத் திருமண்டலமே ஏற்றுக்கொள்ளும். புத்தகம், பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்துபோகும் செலவு உங்கள் தலையில் விழலாம். அதற்கு உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அசனத்துக்கும் (சபை விருந்து) ஸ்தோத்திரப் பண்டிகைக்கும் தாராளமாகக் கொடுக்கிற சபை, ஒரு மாணவனை மாதாமாதம் தாங்குவதில் என்ன கஷ்டம்? பணம் மட்டும் கல்லூரிக் கணக்குக்கே போகட்டும், ரசீது சங்கத்துக்கு வரட்டும். வாட்ஸ்அப்பில் மகனின் கணக்கு எண்ணைப் போட்டுக் காணிக்கை கேட்காதீர்கள். நாளைக்கு அவன் பிரசங்கபீடத்தில் நிற்கும்போது கீழே இருந்து கணக்குக் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தைக் கட்டாயம் படியுங்கள். படிப்பு முடிந்து எத்தனை ஆண்டு அந்தத் திருமண்டலத்தில் ஊழியம் செய்ய வேண்டும், நடுவில் நின்றால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அம்மா இவனைக் குழந்தையிலேயே பொருத்தனை (நேர்ச்சை) பண்ணி ஒப்புக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அம்மாவின் விசுவாசம். நேர்காணலில் உட்காரப்போவது மகன். விடுமுறை வேதாகமப் பள்ளியில் உற்சாகமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் அவனால் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறதா? சபை ஊழியரோடு சில மாதம் அனுப்பிப் பாருங்கள். அதற்கப்புறமும் இரண்டு மனமாக இருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே செனட்டின் பி.சி.எஸ். (கிறிஸ்தவ இயல் இளநிலைப் பட்டம்) படிப்பைத் தொலைதூர முறையில் படிக்கட்டும்.

சேகரக் கமிட்டி எப்போது கூடுகிறது என்று இந்த ஞாயிறே சேகரகுருவிடம் கேட்க வேண்டும். நீங்கள் போகாதீர்கள், உங்கள் மகனே போய்க் கேட்கட்டும்.