தாமார் ராசியில்லாத பெயரா?

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்குத் தாமார் என்று பெயர் வைக்க நானும் மனைவியும் விரும்புகிறோம். என் அத்தை அடியோடு மறுக்கிறார். வேதாகமத்தில் அந்தப் பெயர் கொண்ட பெண்கள் கண்ணீர் விட்டவர்களாம், ராசியில்லாத பெயராம். அதன் பொருள் என்ன? அத்தை சொல்வது சரியா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பொருளில் கண்ணீர் இல்லை. எபிரேயத்தில் தாமார் என்றால் பேரீச்சை மரம். 'நீதிமான் பனையைப்போல் செழித்து' என்ற 92ஆம் சங்கீத வரியின் மூலத்தில் இருப்பதும் இதே சொல்தான். தமிழுக்கு வந்தபோது பனையாகிவிட்டது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. அரபியில் தம்ர் என்றால் பேரீச்சம்பழம். நம் புளியை அரபிகள் தம்ர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றார்கள். அத்தையின் மீன்குழம்பிலேயே இந்தப் பெயருக்கு ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள்.

கண்ணீர்க் கதைகள் உண்மைதான். ஆதியாகமம் 38இல் வரும் தாமார் அடுத்தடுத்து இரண்டு கணவர்களை இழந்தவள். இளைய மகனுக்குக் கட்டிவைப்பதாகச் சொன்ன மாமனார் யூதா, அவளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பியதோடு கைகழுவிவிட்டார். அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்தாள். யார் என்று தெரியாமல் அவரே அவளிடம் போனார். கர்ப்பம் தெரிந்ததும் எரிக்கச் சொன்னவரும் அவர்தான். அவர் அடகாகக் கொடுத்திருந்த முத்திரையையும் கோலையும் அவள் அனுப்பிவைத்தாள். 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொருத்தி தாவீதின் மகள். வேறு தாய் வயிற்று அண்ணன் அம்னோன் அவளைக் கெடுத்தான். தகப்பன் கோபப்பட்டதோடு சரி. கெட்டது பெயரின் ராசியா, அந்த வீட்டு ஆண்களின் புத்தியா? அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோமின் மகளுக்கும் தாமார் என்றே பெயர். தங்கையை நினைத்துத்தான் வைத்திருப்பான் என்பது என் எண்ணம்.

அத்தையிடம் ரூத் 4:12ஐ வாசித்துக் காட்டுங்கள். போவாஸ் ரூத்தை மணக்கும்போது பெத்லகேம் பெரியவர்கள், தாமார் யூதாவுக்குப் பெற்ற பேரேசின் வீட்டைப்போல உன் வீடும் ஆகட்டும் என்று வாழ்த்துகிறார்கள். ராசியில்லாத பெயரை யாராவது கல்யாண வாழ்த்தில் சொல்வார்களா? தாவீது பிறந்ததும் அந்த வம்சத்தில்தான். 1184 முதல் 1213 வரை ஜார்ஜியாவை ஆண்ட அரசியின் பெயரும் இதுவே. அவர் காலத்தை அந்நாட்டின் பொற்காலம் என்பார்கள்.

எபிரேயத்தில் இரண்டாம் அசையை அழுத்தி 'தமார்' என்பார்கள். நீங்கள் தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி தாமார் என்றே பதிவுசெய்யுங்கள். நம் சபைகளில் அதுதான் பழகிய வடிவம்.