மூன்று மாதத்துக்கு ஒரு வழக்கறிஞர்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரே வழக்கறிஞர் நடத்தும் அலுவலகத்தில் நிர்வாகியாக இருக்கிறேன். முதலாளிக்கு இதய அறுவை சிகிச்சை. மூன்று மாதம் வரமாட்டார். பெரும்பாலும் விபத்து வழக்குகள். "தற்காலிகமாக ஒரு வழக்கறிஞரைத் தருகிறேன், வரும் நஷ்டஈட்டில் பத்து விழுக்காடு கொடுங்கள்" என்கிறார் ஒரு தரகர். சம்மதிக்கலாமா?

பதில்: கூடாது, அம்மா. வென்றால்தான் கூலி என்ற பேரத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதும் தொழில் ஒழுங்கை மீறுவதே. காயத்தின் கட்டு ஈரம் காயுமுன் மருத்துவமனைக் கட்டிலருகே படிவமும் பேனாவுமாய் நிற்கும் தரகர் கூட்டம் இது. இப்போது வழக்கறிஞரையும் வாடகைக்கு விடுகிறது. உங்கள் கோப்புகளின் அட்டையில் கட்சிக்காரரின் தொலைபேசி எண் பென்சிலில் எழுதியிருக்குமே, அவர்களுக்கு வேண்டியது அதுதான். இரண்டே வாரத்தில் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அழைப்பு போய்விடும்.

ஆளை நீங்களே தேடுங்கள். தொழில் நடத்தும் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அது ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் முடிகிறது. மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பெயரையும் நீங்களே பாருங்கள். மாதச் சம்பளம், காலம், ஒப்படைக்கும் கோப்புகள், கட்சிக்காரரை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லாம் எழுதி, முதலாளி மருத்துவமனைக்குப் போகுமுன் கையெழுத்திடட்டும். தற்காலிக வழக்கறிஞர் உங்கள் அலுவலகத்தின் பெயரிலேயே வாதாடினால் வழக்கறிஞர் மாற்றம் பற்றிய அறிவிப்பு தேவையில்லை. அலுவலகத்தின் தொழில் காப்புறுதி நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்புங்கள்.

"பயிற்சி வழக்கறிஞர் மலிவாகக் கிடைப்பாரே" என்பீர்கள். ஒன்பது மாதப் பயிற்சியில் மூன்று மாதம் முடிந்தபின், நீதிமன்ற அனுமதியோடு அவர் சில சிறு வேலைகளுக்கு நிற்கலாம். தேதி கேட்க அனுப்பலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுப்பக் கூடாது. அன்று விசாரணை நடக்காது என்று நம்பியும் அனுப்பக் கூடாது. பலர் இப்படி நம்பித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

தேதி கேட்பது இணையத்துக்கு வந்துவிட்டதால் தைப்பிங்குக்கும் ஈப்போவுக்கும் ஓடும் வேலை குறைந்திருக்கிறது. விசாரணைக்கு மட்டும் காலை ஒன்பதுக்கு வரச்சொல்லிப் பன்னிரண்டுக்கு அழைக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. ஒற்றை ஆள் அலுவலகம் நோயில் விழுந்தால் என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை!

இன்றே கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள். விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பம் தொடுக்கும் வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு. இன்னும் பதிவாகாமல் கெடு நெருங்கும் கோப்புகளில் சிவப்பு ஒட்டி, வருபவரின் மேசையில் முதலில் வையுங்கள்.