கேப்டனும் பத்து விநாடிகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2016-ல் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. விடுதி நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து முகநூலில் ஒரு மீம் பக்கம் நடத்தினோம். எங்களுக்கு அதிகம் லைக் வாங்கித் தந்தவர் விஜயகாந்த். நாக்கைக் கடித்தால் ஒரு மீம், பேச்சு குழறினால் ஒரு மீம். பத்திரிகையாளர்களைப் பார்த்து ‘தூ’ என்று துப்பினாரே, அதை வைத்து எவ்வளவு நாள் ஓட்டினோம் என்றே தெரியவில்லை. இன்று அதே நண்பர்கள் சோக இசை சேர்த்து ரீல்ஸ் போடுகிறார்கள். ‘உன்னைப் புரிஞ்சுக்காம விட்டுட்டோமே கேப்டன்’ என்கிறார்கள். என் மாமா தேமுதிகவில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். ‘கேலி பண்ணியே அந்த மனுசனைத் தோக்கடிச்சீங்கடா’ என்று இன்றும் சொல்வார். அது உண்மையா? பழைய மீம்களை அழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படியே, அவர் படங்களில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

ரா. க., திண்டுக்கல்

அன்புள்ள ரா. க.,

உங்கள் மாமா சொல்வதில் பாசம் இருக்கிறது, கணக்கு இல்லை.

2011 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் கையில் ஸ்மார்ட்போன் இல்லை, ஆனால் கேலிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தருமபுரியில் பிரச்சார வேனில் நின்றபடி விஜயகாந்த் தன் கட்சி வேட்பாளரையே அடிப்பதுபோல ஒரு காட்சி பதிவானது. எதிர்முகாமின் சேனல்கள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டன. போதாததற்கு வடிவேலு ஊர் ஊராகப் போய் அவரைக் கிழித்தார், கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. முடிவு என்ன? தேமுதிக 41 இடங்களில் நின்று 29-ல் வென்றது. தருமபுரியும் அதில் உண்டு. திமுகவுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். சிரித்தவர்களிலேயே நிறையப் பேர் அவருக்கு ஓட்டும் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

ஆகவே, உங்கள் விடுதி அறை ஒரு கட்சியைக் கவிழ்த்தது என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். அதில் கொஞ்சம் கர்வமும் ஒளிந்திருக்கிறது.

அவர் தோற்றதற்குக் காரணம் வேறு. 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கினார். 2006-ல் கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்றார். விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான் ஜெயித்தார் என்றாலும், மாநிலம் முழுக்க எட்டு சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. 2009 மக்களவைத் தேர்தலில் அது பத்தைத் தாண்டியது. மக்களோடும் தெய்வத்தோடும்தான் கூட்டணி என்றார் அல்லவா, அந்த ஓட்டு அதற்கு விழுந்த ஓட்டு. திமுக, அதிமுக இரண்டுமே வேண்டாம் என்று நினைத்தவனுக்கு முரசுச் சின்னம் ஒரு புகலிடமாக இருந்தது. அவர் 2011-ல் அதிமுகவோடு சேர்ந்தார், இடங்கள் கிடைத்தன, அந்த ஓட்டுக்கான காரணம் மட்டும் போய்விட்டது. ஒரு வருடம்கூட நிற்கவில்லை அந்த உறவு. 2012 பிப்ரவரியில் பால் விலை, பஸ் கட்டணம் என்று சட்டமன்றத்தில் வாக்குவாதம் முற்றி, நாக்கைக் கடித்து விரலை நீட்டினார். உங்கள் பக்கத்துக்கு அதிகம் உழைத்த படம் அதுதான் என்று நினைக்கிறேன். சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். 2014-ல் பாஜக கூட்டணியில் 14 இடம், ஒன்றிலும் வெற்றியில்லை. 2016-ல் திமுக கூட்டணிக்கு வருவார், பழம் நழுவிப் பாலில் விழும் என்று கருணாநிதி காத்திருக்க, அது மூன்றாவது அணியான மக்கள் நலக் கூட்டணியில் போய் விழுந்தது. முதல்வர் வேட்பாளராக நின்றவருக்கு உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் போனது. கட்சிக்கு இரண்டரை சதவீதம்கூட வரவில்லை. இதில் மீமுக்கு என்ன பங்கு?

மீம் செய்தது வேறொன்று. நீங்கள் குறிப்பிட்ட அந்த ‘தூ’ விவகாரத்தையே பார்ப்போம்.

2015 டிசம்பர் கடைசி வாரம். சென்னை வெள்ளம் வடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கட்சி நடத்திய ரத்ததான முகாமில் செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். 2016-ல் அதிமுக திரும்ப ஆட்சிக்கு வருமா என்று ஒருவர் கேட்டார். வராது என்றார். அதோடு நிற்கவில்லை. இந்தக் கேள்வியை ஜெயலலிதாவிடம் போய்க் கேட்பீர்களா, உங்களுக்குப் பயம், நீங்களெல்லாம் பத்திரிகைக்காரர்களா என்ற பொருளில் பொரிந்து தள்ளிவிட்டுத்தான் ‘தூ’ என்றார். நமக்கு வந்து சேர்ந்த பத்து விநாடியில் துப்பல் மட்டும் இருந்தது. அதற்கு முன் அவர் திருப்பிக் கேட்ட கேள்வி வெட்டுப்பட்டுவிட்டது.

துப்பியது அநாகரிகம். பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தது சரிதான். அங்கே மைக் பிடித்து நின்ற பையன் என்ன செய்வான், என்ன கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற ஆசிரியரும் முதலாளியும் வேறெங்கோ இருக்கிறார்கள். (கேப்டனும் ஒரு சேனல் வைத்திருந்தார். அதில் கேப்டனை யாரும் ஏடாகூடமாகக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.) ஆனால் அந்தக் கேள்வி பொய்யா?

பதில் எட்டே மாதத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது, அதுவும் விஜயகாந்த் வழியாகவே. அவர் மீதும் பிரேமலதா மீதும் அரசு போட்ட ஓர் அவதூறு வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பித்தது. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, இதுவரை எத்தனை அவதூறு வழக்கு போட்டிருக்கிறீர்கள், பட்டியல் கொடுங்கள் என்று தமிழக அரசைக் கேட்டது. ஆகஸ்ட்டில் பட்டியல் வந்தது. ஐந்து ஆண்டில் 213. திமுகவினர் மீது 85, தேமுதிகவினர் மீது 48, ஊடகங்கள் மீது 55. பொதுவாழ்க்கைக்கு வந்தால் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் அரசைக் கடிந்துகொண்டார்கள்.

அந்த 55-ஐக் கவனியுங்கள். எந்தப் பயத்தை அவர் சுட்டிக்காட்டினாரோ அந்தப் பயத்துக்கான ரசீது அது. தலைமைச் செயலகத்து வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த நிருபர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 2021-ல் ஆட்சி மாறிய பிறகு, பத்திரிகையாளர்கள் மீதான 90 அவதூறு வழக்குகளை ஸ்டாலின் அரசு திரும்பப் பெற்றது. பத்து வருட அதிமுக ஆட்சியில் சேர்ந்த கணக்கு. இதை வைத்து யாராவது மீம் போட்டார்களா? எண்களை வைத்து மீம் போடுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். படங்களில் புள்ளிவிவரமாக அடுக்கிய மனிதரை அதற்கும் சேர்த்துத்தான் நாம் கேலி செய்தோம்.

இப்போதைய ரீல்ஸுக்கு வருகிறேன். என் எரிச்சல் இதன் மேல்தான் அதிகம். 2023 டிசம்பர் 28-ல் இறந்தார். மறுநாள் தீவுத்திடலிலிருந்து கோயம்பேடு வரை சனம். அன்று தொடங்கியது இது. ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் வாய்ப்புத் தேடி வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டார், படப்பிடிப்பில் லைட்மேனுக்கும் தனக்கும் ஒரே சாப்பாடு வைத்தார், நடிகர் சங்கக் கடனை அடைத்தார். எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லப்பட வேண்டியவை. 2024-ல் ‘லப்பர் பந்து’ படத்தில் அவருடைய பழைய பாட்டு ஒலித்தபோது தியேட்டர் எழுந்து ஆடியது. அதே மாதம் வந்த விஜய் படத்தில் அவர் முகத்தையே செயற்கை நுண்ணறிவில் செய்து காட்டினார்கள். நல்லவர், வல்லவர், வள்ளல். அவதூறு வழக்குகளை உச்ச நீதிமன்றம் வரை இழுத்துப்போன அரசியல்வாதி மட்டும் இங்கேயும் காணோம். மீமில் கோமாளி, ரீல்ஸில் மகான். கோமாளியிடமும் மகானிடமும் யாரும் அரசியல் பேசுவதில்லை, அது எல்லோருக்கும் வசதி.

அவர் கேட்ட கேள்வியோ இன்னும் முடியவில்லை. பிரதமர் மோடி 2019 மே மாதம் டெல்லியில் செய்தியாளர் கூட்டத்தில் உட்கார்ந்தார், கேள்விகளுக்கு அமித் ஷா பதில் சொன்னார். கரூரில் 41 பேர் நெரிசலில் செத்த பிறகு விஜய் மூன்றாம் நாள் ஒரு வீடியோ வெளியிட்டார், வீடியோவை யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. விஜயகாந்த் மைக்குகளுக்கு நடுவே போய் நின்றார். கோபப்பட்டார், உளறினார், துப்பினார், அடுத்த முறை திரும்பவும் வந்து நின்றார். மீம் போட அத்தனை சரக்குக் கிடைத்ததே அதனால்தான். வாயே திறக்காத தலைவரை வைத்து என்ன மீம் போடுவீர்கள்?

பழைய மீம்களை அழிக்காதீர்கள். அழித்தால் ரீல்ஸ் மட்டும் மிஞ்சும். வேண்டுமானால் அந்த ரத்ததான முகாம் வீடியோவை முழுசாகத் தேடி எடுத்து, உங்கள் ‘தூ’ மீமுக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். மாமாவுக்கும் அனுப்புங்கள். அவர் அதையும் பாராட்டு என்று நினைத்துக்கொள்ளக்கூடும், பரவாயில்லை.

படம் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் ‘கேப்டன் பிரபாகரன்’ என்பார்கள். நான் ‘ஊமை விழிகள்’ என்பேன். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்தது. விஜயகாந்த் அதில் போலீஸ் அதிகாரி, ஆனால் கதையை இழுத்துக்கொண்டு போவது ஒரு பத்திரிகை அலுவலகம். அடி வாங்கியும் கேள்வி கேட்கிற நிருபர்கள் அதில் இருக்கிறார்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.