படகு வந்துவிட்டது, பெயர் மாறவில்லையே?

போன இதழில் பழைய படகு வாங்குவது பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கெல்லாம் நாலு வரி போதாது. அதனால் இந்த முறை முழுக்கப் படகுக் கேள்விகள்தான்.

கேள்வி: தரகர் யாரும் இல்லாமல் நேரடியாக ஒருவரிடம் 18 அடி ஃபைபர் படகுக்கு விலை பேசி முடித்துவிட்டேன். பதிவுச் சான்றிதழைக் கேட்டால் அதில் வேறொருவர் பெயர் இருக்கிறது. "அவரிடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன், பெயர் மாற்றவில்லை, அவர் கையெழுத்துப் போட்ட படிவம் கையில் இருக்கிறது, நீங்கள் நேராக உங்கள் பெயருக்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். பெயர் மாற்றக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கவோ, அலுவலகத்துக்கு அலையச் சோம்பல்பட்டோ இப்படி விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இன்றைக்குப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் படகு அவருடையது இல்லை. தன் பெயரில் இல்லாத ஒன்றைத்தான் அவர் உங்களுக்கு விற்கிறார்.

கையெழுத்துப் போட்ட படிவத்தை நம்பித்தான் நானும் ஒரு தடவை ஏமாந்தேன். என்னிடம் விற்றவர் என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனபோதுதான், அதில் கையெழுத்துப் போட்டவர் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. அப்புறம் அவருடைய வாரிசுகள் யார் யார் என்று விசாரித்து, ஒருவர் வெளியூர், ஒருவருக்கு இந்தப் படகு இருந்ததே தெரியாது, எல்லோரிடமும் சம்மதக் கடிதம் வாங்கி முடிப்பதற்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் படகு கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. முழு விலை கொடுத்திருந்தேன், ஒரு நாள்கூட ஓட்ட முடியவில்லை.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. முதலில் அவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரட்டும், அப்புறம் உங்களுக்கு விற்கட்டும். இதுதான் சுத்தமான வழி. அது முடியாது என்றால் பழைய உரிமையாளரை நேரில் வரச் சொல்லுங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து, பழையவர் இவருக்கு விற்றதாக ஒரு பத்திரம், இவர் உங்களுக்கு விற்றதாக இன்னொரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அலுவலகத்தில் அங்கேயேதான் கோப்பு நிற்கும். உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகம் இந்த இரண்டாவது வழியை ஏற்குமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் விதி மாறும்.

கேள்வி: படகின் எண்ணைச் சரிபாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த எண்? பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருப்பதா?

பதில்: அது பதிவு எண். அதை யாரும் பெயிண்டால் எழுதிவிடலாம். நான் சொல்வது உடற்பகுதி எண், அதாவது படகைக் கட்டும்போதே உற்பத்தியாளர் பதிக்கும் எண். படகின் பின்பக்கச் சுவருக்கு வெளியே, மேல் விளிம்பை ஒட்டி வலது மூலையில் பாருங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பரிலிருந்து இது கட்டாயம், அங்கே 12 இலக்கம். சர்வதேச முறையில் முன்னால் நாட்டுக் குறியீடும் சேரும். 12 இலக்க எண்ணில் முதல் மூன்று எழுத்து கட்டியவரைக் குறிக்கும், அடுத்த ஐந்து வரிசை எண், பிறகு கட்டிய மாதத்துக்கு ஒரு எழுத்து (ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர்), கட்டிய ஆண்டின் கடைசி இலக்கம், கடைசி இரண்டும் மாடல் ஆண்டு. வரிசை எண்ணில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே அந்த ஐந்து இடத்தில் வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான், அதை ஓ என்று படிவத்தில் எழுதிவிட்டுத் திண்டாடாதீர்கள்.

கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலால் தடவிப் பாருங்கள். எண்ணைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி வழவழப்பு, அந்த இடத்தில் மட்டும் புது நிறம், தகட்டில் வேறு மாதிரி ரிவெட் என்று ஏதாவது தட்டுப்பட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1984-க்குப் பிறகு அமெரிக்காவில் கட்டிய படகுகளில் அதே எண் வெளியே தெரியாத இன்னோர் இடத்திலும் இருக்கும். படகில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எழுத்துப் பிழைதான் என்று விற்பவர் சொன்னால், அந்தப் பிழையை அவரே திருத்தி வாங்கி வரட்டும். வாங்கிய பிறகு அது உங்கள் பிழை ஆகிவிடும்.

கேள்வி: மோட்டாருக்கும் இழுத்துப் போகும் டிரெய்லருக்கும் தனிக் காகிதம் வேண்டுமா?

பதில்: டிரெய்லர் ரோட்டில் ஓடுவது. பல இடங்களில் அதற்கு வாகனப் பதிவு தனி, பெயர் மாற்றமும் தனி. அவுட்போர்டு மோட்டாருக்கு, அதாவது படகின் பின்சுவரில் வெளியே மாட்டும் மோட்டாருக்கு, சில இடங்களில் பதிவு உண்டு, சில இடங்களில் கிடையாது. எப்படி இருந்தாலும் மோட்டாரின் வரிசை எண்ணைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். பார்க்கும்போது ஒரு மோட்டார், எடுக்கும்போது வேறு மோட்டார் என்று நடப்பது உண்டு.

கேள்வி: ஆய்வாளரை அமர்த்தப் பணம் செலவழிக்கத் தயக்கமாக இருக்கிறது. நானே பார்த்துக்கொள்ள முடியாதா?

பதில்: முதல் சுற்றை நீங்களே பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதில் தேறிய படகுக்கு மட்டும் ஆய்வாளரைக் கூப்பிட்டால் செலவு குறையும். ஆனால் ஒன்று, ஆய்வாளரை நீங்கள்தான் தேட வேண்டும். விற்பவரே ஆள் பிடித்துத் தந்தால் வேண்டாம்.

படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தை ஏற்றிய உடனே, ஈரம் காய்வதற்குள் பாருங்கள், ஏனென்றால் ஃபைபருக்குள் நீர் இறங்கி எழும்பும் கொப்புளங்கள் காயக் காய அமுங்கிவிடும். அப்படி ஒரு கொப்புளத்தைக் குத்தினால் உள்ளேயிருந்து வரும் நீர் வினிகர் மாதிரி நாறும். (விற்பவரைக் கேட்காமல் குத்தாதீர்கள்.) அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம், சரிசெய்யலாம். அடி முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தால் விலகிவிடுங்கள்.

அப்புறம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அடியிலிருந்து மேல்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடத்திலும் மரம் ஊறிய இடத்திலும் சத்தம் மந்தமாகிவிடும். பத்து நிமிஷம் தட்டினால் காது பழகிவிடும். மேல்தளத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள், எங்காவது கால் மெத்தென்று இறங்கினால் அதன் கீழே மரம் மக்கியிருக்கிறது.

நான் தவறாமல் செய்யும் ஒன்று, அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் கீழ்முனையைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்துவேன். அப்போது கண் மோட்டார் மேல் இருக்கக் கூடாது, மோட்டார் மாட்டியிருக்கும் பின்சுவர் மேல் இருக்க வேண்டும். சுவர் அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலோ, உள்ளேயிருக்கும் பலகை போய்விட்டது. அதை மாற்றப் பின்பக்கத்தையே பிரிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற படகுகளில் செலவு ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: நான் போய்ச் சேர்வதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தார். இதில் தவறு உண்டா?

பதில்: தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம், ஆனால் இன்னொரு நாள் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் எடுக்கும் விதத்தில்தான் அதன் உடல்நிலை தெரியும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தால் சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாக உள்ளே தண்ணீர் போகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு தண்ணீரில் இறக்கி முழு வேகத்தில் ஒரு பத்து நிமிஷமாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: படகின் மேல் கடன் பாக்கி இருக்கிறதாம். என் பணத்தை வாங்கி அடைத்துவிடுவதாகச் சொல்கிறார். முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: அவர் கையில் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்த இடத்துக்கு இருவரும் சேர்ந்து போங்கள், இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், அந்தத் தொகையை நேராக அங்கேயே கட்டுங்கள், மீதியை அவரிடம் கொடுங்கள். கடன் தீர்ந்ததற்கான கடிதம் உங்கள் கைக்கு வந்து, பதிவேட்டிலும் அந்தக் குறிப்பை நீக்கிய பிறகுதான் வேலை முடிந்தது.

படகு விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கடல்சார் சட்டத்தில் சில பாக்கிகள் ஆளைத் தொடராது, கலத்தையே தொடரும். மாலுமிகளுக்குக் கொடுக்காத சம்பளம், ஆபத்தில் மீட்டவர்களுக்குச் சேர வேண்டிய கூலி, மோதியதற்கான நஷ்டஈடு போன்றவை உரிமையாளர் மாறினாலும் கலத்தோடு வரும், பதிவேட்டிலும் தெரியாது. கொஞ்சம் பெரிய படகாக இருந்தால், அது நின்ற துறையில், பழுது பார்த்த பட்டறையில், வேலை செய்தவர்களிடம் நேரில் விசாரியுங்கள். "இதுவரை உள்ள எல்லாப் பாக்கிக்கும் நானே பொறுப்பு" என்று விற்பவரிடம் பத்திரத்திலும் எழுதி வாங்குங்கள்.

முன்பணம் பொதுவாக விலையில் 10 சதவீதம். ஆய்விலும் ஓட்டத்திலும் குறை தெரிந்தால் முழுதும் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

கேள்வி: அப்பா விட்டுப்போன படகு. அண்ணன், தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார். பிரச்சினை வருமா?

பதில்: வரும். பிரிட்டிஷ் கப்பல் பதிவு முறையில் ஒரு கலத்தின் உரிமையை 64 பங்காகப் பிரித்து எழுதுவார்கள். அண்ணன் பெயரில் 32 பங்கு என்றால் அவரால் அந்த 32-ஐத்தான் விற்க முடியும். பங்குக் கணக்கு இல்லாத பதிவிலும் நியாயம் ஒன்றுதான். தம்பியும் கையெழுத்துப் போடட்டும், அல்லது அண்ணனுக்கு முறைப்படி அதிகாரப் பத்திரம் எழுதித் தரட்டும்.

கேள்வி: பெயர் மாற்றியாகிவிட்டது. இன்னும் ஏதாவது பாக்கி?

பதில்: பழையவரின் காப்பீடு உங்களுக்கு வராது. படகு கைமாறும் நேரத்திலிருந்தே உங்கள் பெயரில் காப்பீடு இருக்க வேண்டும். அடுத்தது பலர் மறந்துவிடுவது. படகில் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) இருந்தால், அதன் பதிவை அன்றைக்கே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது சமிக்ஞை அனுப்பினால் மீட்பு மையம் முதலில் போன் செய்வது பதிவில் இருக்கிற எண்ணுக்குத்தான். நீங்கள் கடலில் தத்தளிக்கும்போது பழைய சொந்தக்காரர் போனை எடுத்து "படகை விற்றுவிட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ரேடியோவில் உள்ள ஒன்பது இலக்க அடையாள எண்ணுக்கும் இதே கதைதான். பீக்கன் மிகப் பழையது, 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்வது என்றால் அதை நம்பாதீர்கள். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: நான் விற்றவன். வாங்கியவர் ஆறு மாதமாகப் பெயர் மாற்றவில்லை. துறையில் நிறுத்தியதற்கான கட்டண நோட்டீஸ் எனக்கே வருகிறது. என்ன செய்வது?

பதில்: விற்பனைப் பத்திரத்தின் நகல் கையில் இருக்கிறதா? அதில் தேதியும், படகை ஒப்படைத்த நேரமும், இருவரின் கையெழுத்தும் இருந்தால் பாதிக் கவலை விட்டது. அந்த நகலோடு பதிவு அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள், இன்ன தேதியில் இன்னாருக்கு விற்றேன் என்று. பல இடங்களில் விற்றவர் தெரிவிக்க அதற்கென்றே படிவம் இருக்கிறது, சில இடங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் தெரிவிப்பது கட்டாயமும்கூட. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நாளைக்கு அந்தப் படகு யார் மீதாவது மோதினால் அவர்கள் முதலில் தேடி வருவது பதிவேட்டில் உள்ள பெயரை, அதனால் இந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.