மேடையில் இரண்டு கொடிகள்: எது எந்தப் பக்கம்?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் நவம்பர் 16 அன்று, முன்னோர் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய நாளைக் கொண்டாடுகிறோம். மேடையில் தென்னாப்பிரிக்கக் கொடியோடு இந்திய மூவண்ணக் கொடியும் வைக்கலாமா? அப்படி வைத்தால் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று பேச்சு வரும் என்கிறார் கமிட்டியில் ஒரு பெரியவர். மேடை அலங்காரம் செய்பவரோ, பிரிட்டோரியாவிலிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும், காசு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். அழைப்பிதழில் அரசுச் சின்னமும் அச்சிட்டுத் தருகிறாராம். பழைய படங்களின் கண்காட்சி ஒன்றும் உண்டு.
– கோயில் கமிட்டிச் செயலாளர், டர்பன்

பதில்: அலங்காரக்காரருக்குக் காசு கொடுக்காதீர்கள். தேசியக் கொடியை ஒரு மண்டபத்தில் மரியாதையோடு வைப்பதற்கு அனுமதிக் கடிதம் என்று ஒன்று கிடையாது. இல்லாத கடிதத்துக்கு விலை பேசுகிறவர் நாளைக்கு ஒரு ரப்பர் முத்திரை குத்திய தாளைக் கொண்டுவந்து நீட்டுவார். கோயில் உண்டியல் பணம் அதற்குப் போகக்கூடாது.

அனுமதி உண்மையிலேயே தேவைப்படுவது அரசுச் சின்னத்துக்குத்தான். 2000 ஏப்ரல் 27 முதல் இருக்கும் அந்தச் சின்னம் அரசாங்கத்தின் கையெழுத்து போன்றது. அதை அழைப்பிதழில் போட்டால் விழாவை அரசே நடத்துவதாக ஆகிவிடும். வேண்டாததற்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்பவர், வேண்டியதை அனுமதியில்லாமல் அச்சிடத் துணிகிறார். இவரிடம் மேடையை ஒப்படைக்காதீர்கள்.

இனி உங்கள் பெரியவரின் கவலை. அதை அலட்சியப்படுத்த முடியாது. 1860-ல் வந்தவர்களின் வாரிசுகளை இந்த நாட்டின் நிரந்தர மக்களாக அரசு ஒப்புக்கொள்ளவே 1961 ஆயிற்று. நூறு வருடம் வெளியாள் என்று சொல்லக் கேட்ட குடும்பங்களில் அந்தப் பயம் எளிதில் போகாது. ஆனால் இன்னொரு நாட்டின் கொடியை விருந்தினராக நிறுத்துவது விசுவாசக் குறைவு ஆகாது. இந்தியத் தூதரக அதிகாரி யாராவது விழாவுக்கு வருகிறார் என்றால் மூவண்ணக் கொடியைத் தயங்காமல் வையுங்கள். யாரும் வரவில்லையென்றால் நம் கொடி ஒன்றே போதும் என்பது என் கருத்து. மூவண்ணக் கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22-ல். கப்பலேறிய நம் முன்னோர் அதைப் பார்த்ததே இல்லை. இப்போதைய தென்னாப்பிரிக்கக் கொடி 1994 ஏப்ரல் 27-ல் ஏறியது. எல்லா நிறத்தவரும் சேர்ந்து முதல் தடவையாக வாக்களித்த நாள் அது. இந்தக் கொடியில் நமக்கு முழுப் பங்கு உண்டு.

இரண்டையும் வைப்பதானால் ஒரே அளவு, ஒரே உயரம், தனித்தனிக் கம்பம். பார்வையாளர் பக்கம் நின்று பார்த்தால் தென்னாப்பிரிக்கக் கொடி இடப்புறம் இருக்க வேண்டும், அதாவது பேசுகிறவரின் வலக்கைப் பக்கம். மேடையிலிருந்து பார்த்து வைப்பதால்தான் பலர் மாற்றி வைத்துவிடுகிறார்கள். கீழே இறங்கி, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நாட்டுக் கொடிகளைக் கட்டவே கூடாது. கோயில் கொடிமரத்தில் சேவற்கொடியோடு தேசியக் கொடியைச் சேர்த்து ஏற்றுவதும் வேண்டாம்.

அளவுக்கு 90-க்கு 135 சென்டிமீட்டர் எடுங்கள். இரண்டு கொடிகளும் 2-க்கு 3 விகிதம்தான், இந்தியக் கொடிக்கும் அது அங்கீகரிக்கப்பட்ட அளவு. வாங்கும்போது டேப் கொண்டு போங்கள். நம் கொடியில் பறக்கும் ஓரத்தை, அதாவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தை, மேலிருந்து கீழாக அளந்தால் சிவப்பு 30, வெள்ளை 6, பச்சை 18, வெள்ளை 6, நீலம் 30 சென்டிமீட்டர் வர வேண்டும். கம்பத்துப் பக்கக் கறுப்பு முக்கோணத்தைச் சுற்றி மஞ்சள் கரை. கடையில் தொங்கும் மலிவுத் துணிகளில் பச்சைப் பட்டை மெலிந்து, மஞ்சளும் வெள்ளையும் இடம் மாறிக் கிடக்கும். இதைக் கேட்க யாருமில்லை. கொடி விதிகளை அரசு 2001 ஜூன் 8-ல் அரசிதழில் வெளியிட்டது. அதை ஒரு பக்கத் தாளாக எளிய மொழியில் எழுதி ஒவ்வொரு மண்டபத்திலும் ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது!

கம்பம் 2.4 மீட்டர் இருக்கட்டும். காற்றில்லாத மண்டபத்தில் கொடி துவண்டு மூலைவாட்டில் தொங்கும். அந்த நீளம் சுமார் 162 சென்டிமீட்டர். குட்டைக் கம்பமாக இருந்தால் நுனி தரையில் புரளும். குத்துவிளக்கை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள், பாலியெஸ்டர் துணி தீ பட்டால் உருகி எரியும்.

சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் இன்னொரு சிக்கல். முக்கோணம் மேலே வர வேண்டும், பார்ப்பவருக்குச் சிவப்பு இடப்புறம் வர வேண்டும். கொடியை அப்படியே திருப்பினால் சிவப்பு வலப்புறம் போய்விடும். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டித்தான் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த துணி இதற்கு உதவாது, நிறம் வெளிறித் தெரியும்.

மேசை விரிப்பாகவோ மேடையின் முன்மறைப்பாகவோ கொடியைப் பயன்படுத்தக்கூடாது. கல்வெட்டுத் திறப்பு இருந்தால் சாதாரணப் பட்டுத்துணியால் மூடுங்கள். இந்தியக் கொடிக்கு மாலை போடுவதும் அந்நாட்டுக் கொடி விதிப்படி தவறு. வரவேற்புரையில் 'சிவப்பு என்றால் இரத்தம்' என்றெல்லாம் யாராவது எழுதிக் கொடுத்தால் அடித்துவிடுங்கள். நம் கொடியின் நிறங்களுக்கு அரசு எந்தப் பொருளும் விதிக்கவில்லை.

கண்காட்சியில்தான் கவனம் வேண்டும். 1928 முதல் 1994 வரை இருந்த, நிறவெறி ஆட்சியின் அடையாளமாகிவிட்ட ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடி பழைய படங்களில் இருக்கலாம். அதைக் காரணமில்லாமல் காட்சிக்கு வைப்பது வெறுப்புப் பேச்சு என்று 2019-ல் பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்காகப் படங்களைக் கிழிக்க வேண்டாம். வரலாறு, ஆய்வு, கலை, செய்தி என்ற உண்மையான நோக்கம் இருந்தால் விலக்கு உண்டு. ஒரு பள்ளிக்கூடத் திறப்பு விழாப் படத்தின் பின்னணியில் அந்தக் கொடி பறந்தால், படத்தை வைக்கலாம். கீழே ஆண்டு, இடம், அந்தக் காலத்துச் சட்டம் நம்மை எப்படி நடத்தியது என்று இரண்டு வரி எழுதுங்கள். படத்திலிருந்து கொடியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வாசலில் மாட்டினால் விலக்கு நிற்காது. யாரோ பரணிலிருந்து எடுத்து வந்த பழைய கொடித் துணியை அழகுக்கென்று விரித்தாலும் நிற்காது. அழைப்பிதழ் அட்டை, நன்றிப் பரிசு, முகநூல் பதிவு எதிலும் அது தனியாக வரக்கூடாது. விளக்க வரி இல்லாத படத்தை அன்று காலை மாட்ட விடாதீர்கள், யார் கொண்டுவந்தாலும் சரி.