காய்ச்சல், சளிக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகாம மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கறது சரியா?

வாங்கலாம், நானும் வாங்கறேன். ஆனா "செட்டு", அதாவது பல மாத்திரையை அட்டையிலருந்து கத்தரிச்சு வேளைக்கு இத்தனைன்னு கவர்ல போட்டு தர்றது, அதை மட்டும் வாங்காதீங்க, அதை சொல்லத்தான் எழுதறேன்.

போன ஐப்பசி மழைல அப்பாவுக்கு காய்ச்சல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல்ல "காய்ச்சல், உடம்பு வலி, மூணு வேளைக்கு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டார். சின்ன காக்கி கவர், வேளைக்கு நாலு மாத்திரை, எல்லாம் அட்டையிலருந்து ஒன்னொன்னா கத்தரிச்சது, பேர் பாதி எழுத்துதான் தெரியுது. போட்டதும் வேர்த்து காய்ச்சல் விட்டுருச்சு, மறுநாள் திரும்ப வந்துச்சு, திரும்ப ஒரு செட்டு. மூணாவது நாள் எனக்கு மனசு கேக்காம அந்த கவரை எடுத்துட்டு எங்க தெரு மெடிக்கல் அண்ணன்கிட்ட போனேன், அவர் பார்மசி படிச்சவர், கவுண்டர்ல அவரேதான் நிப்பார். ஒவ்வொரு துண்டா லைட்ல திருப்பி பாத்தார். இது பாராசிட்டமால், இது சளி மாத்திரை, இதுக்குள்ளயும் பாராசிட்டமால் இருக்கு, இது டைக்ளோபினாக், இந்த குட்டி வெள்ளை ஸ்டீராய்டுன்னு சொன்னார். "தம்பி, டெங்கு ஓடிட்டு இருக்கு, இதெல்லாம் நிறுத்திட்டு மொதல்ல ரத்தம் பாருங்க"ன்னார். எனக்கு ஒரு மாத்திரை கூட விக்கல. பாத்தா டெங்கு, பிளேட்லெட் 62 ஆயிரம். அஞ்சு நாள் ஜி.ஹெச்ல இருந்து நல்லபடியா வந்துட்டார்.

டெங்குல பிளேட்லெட் ஏற்கனவே கொறையும், அதுல டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி வலி மாத்திரை போட்டா ரத்தக்கசிவு ஆபத்து கூடும், ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வெச்சிடும், நமக்கு சரியாயிட்ட மாதிரி தெரியும்.

அதனால மழை சீசன்ல காய்ச்சலுக்கு வெறும் பாராசிட்டமால், முழு அட்டையா வாங்குங்க, பேர், தேதி எல்லாம் அதுல இருக்கும். பெரியவங்களுக்கு 650 மி.கி. மாத்திரைன்னா ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு நாலோட நிறுத்திக்கோங்க, சளி மாத்திரையும் போட்டா அதுல இருக்கற பாராசிட்டமாலையும் கணக்குல சேக்கணும். வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ், பெரிய பாக்கெட்னா மொத்தத்தையும் 1 லிட்டர் தண்ணில ஒரே தடவையா கரைங்க, நிறைய பேர் டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா கொட்டி கலக்கறாங்க, அப்படி செஞ்சா உப்பு அளவு மாறிடும்.

ஆன்டிபயாடிக் சீட்டு இல்லாம கேக்கவே கேக்காதீங்க. அட்டையில சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் எழுதித்தான் வாங்கணும்னு அர்த்தம். அதுல எச்1னு அரசு தனியா கட்டுப்பாடு வெச்ச பட்டியல்ல இருக்கற மருந்துக்கு 2014லருந்து கடைக்காரர் டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அதனால சீட்டு கேக்கற கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க.

ரெண்டு நாள் தாண்டின காய்ச்சல், கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க, இதுக்கெல்லாம் மெடிக்கலே வேண்டாம், நேரா டாக்டர்தான். நெஞ்சு வலியும் அப்படித்தான். போன வாரம் நான் நிக்கும்போதே ஒருத்தர் வந்து நெஞ்செரிச்சல்னு கேஸ் மாத்திரை கேட்டார், அண்ணன் டப்பாவை எடுக்காம "கை வலிக்குதா? வேர்க்குதா? எப்பருந்து?"ன்னு கேட்டார், அவர் ஆமான்னு சொன்ன உடனே கடைப்பையனை விட்டு ஆட்டோ கூப்பிட்டு அனுப்பிட்டார்.